முப்பத்தேழாவது மோட்டார்

கணபதி. ராத்திரி பத்தே முக்கால்.
மாடியில் வாடகைக்கு ஓர் அறை,
திரையோரம் விரிசல் விட்ட லேப்டாப்,
அதற்குள் காசில்லாமல் இறக்கிய
ஒரு சுவர் நிறையப் பெட்டிகள்.
எதுவும் எதோடும் இணைந்திருக்கவில்லை.
ஆகவே எதுவும் பேசவில்லை.

முதல் வாரம் முழுக்க
ஒரே ஆஸிலேட்டர், ஒரே ஊளை.
கீழ்வீட்டுச் சரசக்கா படியேறி வந்து
"ஏனுங் கண்ணு, மிக்ஸி போயிருச்சுங்களா?" என்றார்.
ஆமாங்க்கா என்றேன்.
மறுநாள் ஹெட்போன் வாங்கினேன்.

சீக்வென்சர் எனக்குப் புரிந்தது குழாயடியில்.
எங்கள் வீதிக்கு
எட்டு நாளுக்கு ஒரு தரம் தண்ணீர்.
எட்டுக் கட்டம். ஏழு அணைந்தவை, ஒன்று எரிவது.
அந்த ஒன்று வரும்போது
தெரு முழுக்கக் குடங்கள் ஒரே நேரத்தில் சத்தம் போடும்.
மற்ற ஏழும் சும்மா இருப்பதில்லை,
எண்ணிக்கொண்டே இருக்கின்றன.

அன்றிரவு அப்படியே போட்டேன்:
எட்டில் ஒன்று. டிங்.
பக்கத்தில் ஐந்து கட்டத்தில் இன்னொன்று.
ஒரே கிளாக்கில் கிளம்பியவை
உடனே பிரிந்துவிட்டன.
நாற்பது தட்டு கழித்துத்தான் மறுபடி சேரும்
என்றது கணக்கு.
முப்பத்தொன்பது வரை விரல்விட்டு எண்ணியவள்
அதற்கப்புறம் மூச்சு விட மறந்தேன்.

மாடுலேஷன்தான் வழிக்கு வரவில்லை.
மெதுவான அலை ஒன்றை இழுத்து
ஃபில்டரில் கொண்டுபோய்ச் செருகினால்
சத்தம் வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது,
தொட்டி மீன் மாதிரி.
ஆழத்தைக் கூட்டினேன்: ஆம்புலன்ஸ்.
இன்னும் கூட்டினேன்: ஒன்றுமே கேட்கவில்லை.
நாலு ராத்திரி போனது.
ஐந்தாவதில் குமிழை நூற்றுக்கு மூன்றில் விட்டுவிட்டுப்
பல் துலக்கப் போனேன்.
திரும்பி வந்து காதில் மாட்டினால்
உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள்.

பகலில் நான் பம்பு மோட்டார் சோதிப்பவள்.
டெஸ்ட் பெஞ்சில் ஒரு ஷிஃப்டுக்கு அறுபது.
ஆம்ப்ஸ், அழுத்தம், அதிர்வு, சூடு;
நான்கு முள்ளும் பச்சையில் நின்றால் ஸ்டிக்கர்.
சத்தத்துக்கென்று படிவத்தில் கட்டம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மதியம், முப்பத்தேழாவது மோட்டார்.
நான்கும் பச்சை.
ஆனால் அதன் ரீங்காரம் நேராக இல்லை.
மெல்ல உப்பியது, வற்றியது. உப்பியது, வற்றியது.
நூற்றுக்கு மூன்று இருக்கும், அவ்வளவுதான்.
வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.
பாரம் ஏற ஏற
அந்த மூச்சும் வேகமெடுத்தது.
சுமைக்கும் துடிப்புக்கும் நடுவே
யாரோ ஒரு கேபிள் கட்டியிருக்கிறார்கள்.

"மீட்டரெல்லாம் சரியாத்தான இருக்குது?"
என்றார் சூப்பர்வைசர் தேவசிகாமணி.
இருக்குதுங்க.
"பின்னென்ன?"
உள்ள ஏதோ ஒன்னு மெதுவா சுத்துதுங்க,
நாம சுத்தவிடாத ஒன்னு.
அவர் ஒரு பார்வை பார்த்தார்,
காய்ச்சலா என்று கேட்கிற பார்வை.
நான் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

நாலு மணி டீக்குப் பிறகு பிரித்தார்கள்.
ரோட்டாரை லேத்தில் ஏற்றி ஒரு சீவு சீவியதும் தெரிந்தது:
வார்ப்பிலேயே அறுந்துபோன ஒரு பட்டை,
மிளகு அளவு காற்றுக் குமிழ்.
தேவசிகாமணி அதை விரலால் தடவிவிட்டு
"செரி, அடுத்ததப் போடு" என்றார்.
முப்பத்தெட்டு நேராகப் பாடியது.
முப்பத்தொன்பதும்.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ராத்திரி அதையே கட்டினேன்.
நூறு ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம்,
அதில் மிளகு அளவு குறை.
குறையின் வேகத்தைச் சீக்வென்சர் கையில் கொடுத்தேன்:
ஐந்து கட்டம், ஐந்து வெவ்வேறு பாரம்.
எட்டில் ஒன்று தன்பாட்டுக்கு டிங்.
நன்றாக இருந்ததா, தெரியவில்லை.
அணைக்க மனம் வரவில்லை.
சேமிக்கும்போது பெயர் கேட்டது.
37 என்று போட்டேன்.

ஒன்றரை மணிக்கு
ஹெட்போனையும் தாண்டிச் சரசக்கா குரல்,
"தண்ணி வந்துருச்சு கண்ணு, தண்ணி!"
காலண்டரைப் பார்த்தேன்.
ஏழாம் நாள்.
இரண்டு குடத்தோடு இருட்டில் படியிறங்கினேன்,
யாருடைய கிளாக் இது என்று
யோசித்தபடி.